கண்ணைத் திறக்க ஒரு மாப்பிள்ளை

மற்ற அம்மாக்கள் மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்பார்கள். என் அம்மா, மாப்பிள்ளையைக் காட்டினால்தான் கண்ணைத் திறப்பேன் என்றாள்.

இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. டாக்டர் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போட்டால் புரை முற்றி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, அப்புறம் யார் வந்தாலும் பார்வையைத் திருப்பித் தர முடியாது என்றார். அம்மா மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து டாக்ஸியில் உட்கார்ந்ததும் வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கத்தினேன். நான் கத்துகிற ரகம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"எதைப் பாக்கறதுக்குடி?" என்றாள் அம்மா. "நீ தனியா உக்காந்து தட்டைக் கிண்டிக்கிட்டு இருப்பே. அதைப் பாக்க எனக்கு ரெண்டு கண்ணு வேற வேணுமா?"

டாக்ஸி ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் அவரையும் முறைத்தேன்.

எனக்கு முப்பத்தாறு வயது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறேன். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து, ஓரம் மழுக்கி, திருகாணி முடுக்கி, ஆளைக் கூப்பிட்டு மாட்டிப் பார்ப்பது வரை என் வேலை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவளின் வீட்டில் அம்மா சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? எட்டு மாதத்துக்கு முன்பே அவளுக்காக ஒரு நல்ல ஃபிரேமை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட்டு, என் மேசையின் மேல் அடுக்கில் வைத்திருந்தேன். ஆப்பரேஷன் ஆனால் லென்ஸ் போட்டுக் கொடுக்கலாம் என்ற நப்பாசைதான்.

சரி, யாரையாவது ஒருவனைக் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். கேட்காத ஆபரேட்டரை நான் பார்த்ததே இல்லை என்பது அம்மா. ஒரு முறை கேட்ட குரலை மறக்க மாட்டாள். ஒரு நாளைக்கு ஒருவன், மறுநாளைக்கு இன்னொருவன் என்று ஏமாற்ற முடியாது. எல்லாம் முடியும்வரை கூடவே வருகிற ஒரே ஆள் வேண்டும்.

லிஃப்ட்காரர் அகப்பட்டார். எங்கள் கடை இருக்கிற ஏழு மாடிக் கட்டிடத்தின் கிழட்டு லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறவர். மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டியவர், அந்த லிஃப்டின் யோக்கியதையால் வாரத்துக்கு இரண்டு முறை வருவார். நாற்பது வயது, ஒண்டிக்கட்டை. மூன்று வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம், நான் உள்ளே மாட்டிக்கொண்டு திட்டுவதும் அவர் வெளியிலிருந்து "ரெண்டே நிமிஷம் மேடம்" என்பதும்தான். அன்றைக்கு எங்கள் மாடியில் லிஃப்டின் மின்சாரப் பெட்டியைத் திறந்துவைத்து, ஒயரிங் படத்தைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கை இன்னும் ஒரு முழம் வளர்ந்தால்தான் எழுத்து தெரியும் போலிருந்தது. கண்ணாடி போடக்கூடாதா என்று கேட்டேன். பரவாயில்லை, தெரிகிறது என்றார். எங்கள் தொழிலில் நான் அடியோடு வெறுக்கும் வார்த்தை அந்தப் 'பரவாயில்லை'தான்.

அங்கேயே பேரத்தை முடித்தேன். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து நல்ல லென்ஸாக ஒரு கண்ணாடி நான் போட்டுத் தருகிறேன், நீங்கள் மூன்று முறை என் வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையாக உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். வேறொருவராக இருந்தால் ஓடியிருப்பார். இவர் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, உங்கள் அம்மாவுக்கு இப்போது என்ன மாதிரி தெரிகிறது, வெள்ளையாகவா சாம்பலாகவா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. உங்களுக்கு எதற்கு அதெல்லாம் என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் பின்னறையில் உட்கார்ந்து பாடம் தயாரித்தோம். கையில் கிடைத்த காகிதம் கடையின் ஆர்டர் சீட்டு. அதில் வலது கண், இடது கண் என்று இரண்டு பத்தி அச்சடித்திருக்கும். வலது கண்ணில் என் பதில்கள், இடது கண்ணில் அவர் பதில்கள். கேள்விகளை நான் போட்டேன், மொத்தம் பதினொன்று. எங்கே சந்தித்தோம், முதலில் பேசியது யார், எதற்குச் சண்டை வரும், யாருக்கு எது பிடிக்காது என்று போய், கடைசியில் 'ஏன் இவரை?' என்று ஒன்று. நான் என் பக்கத்தில் 'பொறுமைசாலி' என்று எழுதினேன். லிஃப்டுக்குள் இருந்து நான் போட்ட கூச்சலையெல்லாம் கேட்டவர், பொறுமைசாலியாகத்தானே இருக்க வேண்டும். பேனாவை அவரிடம் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதலாளி முன்னாலிருந்து குரல் கொடுத்தார். சீட்டைப் பிடுங்கி, வேறு யார் கையும் படாத இடம் என்று அம்மாவின் தட்டில் ஃபிரேமுக்கு அடியில் சொருகிவிட்டு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அம்மா நாற்காலியை நேராகப் போட்டுக்கொண்டு, பழைய டிரங்க் கால் வேகத்தில் கேள்விகளை அடுக்கினாள். எங்கே சந்தித்தீர்கள்? லிஃப்டில். முதலில் யார் பேசியது? அவங்கதான், திட்டினாங்க. சண்டை எதற்கு வரும்? லிஃப்டுக்கு. மனுஷன் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தார், ஒரு தப்பில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் முடிந்ததும், பாடத்தில் இல்லாததை அவர் கேட்டார்.

"உங்களுக்கு இப்ப என்ன மாதிரிம்மா தெரியுது?"

அம்மா அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை, குளித்துவிட்டு வந்த அறையில் கண்ணாடி மேல் ஆவி படிந்திருக்குமே, அது மாதிரி. ஜன்னல் பக்கம் மஞ்சளாக இருக்கும். விளக்கைப் போட்டால் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் வரும். சாயங்காலம் ஆனால் பயமாக இருக்கும். அந்தப் பயத்தை என்னிடம் அவள் சொன்னதே இல்லை. நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் போனபிறகு அம்மா ரொம்ப நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒரு கண்ணுக்கு மட்டும். முதலில் ஒன்று, அதில் பார்த்துவிட்டு இன்னொன்றைச் சொல்கிறேன் என்றாள். வந்தவரைக்கும் லாபம் என்று அன்றைக்கே தேதி வாங்கினேன்.

பேசியபடி அவர் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை அம்மாவிடம் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் லைன் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். அம்மா செய்தித்தாளின் ஓரத்தில் தடவித் தடவிப் படம் போட்டாள். பழைய லிஃப்டிலும் அதே மாதிரி இணைப்பை மாற்றிவிடுகிற ரிலே உண்டு என்று இவர் பக்கத்தில் இன்னொரு படம் போட்டார். என் மாப்பிள்ளையும் என் அம்மாவும் ஒரு மணி நேரம் ரிலே பேச, நடுவில் நான் கரடி. நான் போட்டுக் கொடுத்த கண்ணாடியை அன்றுதான் மாட்டியிருந்தார். குனிந்து படம் பார்க்கும்போது அது மூக்கில் இம்மியும் நழுவவில்லை. அவர் தன்னைப் பற்றி ஏன் ஒன்றுமே சொல்வதில்லை, எல்லாரிடமும் ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று எனக்கு முதல் முறையாகத் தோன்றியது.

ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது பேரத்தில் இல்லாத நான்காவது முறையாக அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். அம்மா கண்ணைத் திறந்து முதலில் என்னைத்தான் பார்த்தாள். "என்னடி இவ்வளவு நரை?" என்றாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, காய்கறி பொறுக்குகிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். தம்பிக்குக் காது ரெண்டும் பெரிசு என்றாள், ஏதோ பாராட்டுகிற குரலில்.

அதற்குப் பிறகும் அவர் ஞாயிறுதோறும் வந்தார். பேரம் முடிந்துவிட்டதே, எதற்கு வருகிறீர்கள் என்று வாசலில் வைத்துக் கேட்டேன். லிஃப்ட் விஷயமாக என்றார். எங்கள் வீடு இரண்டாவது மாடி, அந்தக் கட்டிடத்தில் லிஃப்டே கிடையாது. அதைச் சொன்னேன். அதுதான், எங்கே வைக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார். நான் கதவை விட்டு விலகி வழிவிட்டேன். திட்டியிருக்கலாம், ஏனோ வாய் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, செய்துமுடித்த கண்ணுக்குப் படிக்கிற லென்ஸ் போடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இன்னொரு கண்ணில் புரை முற்றிக்கொண்டு வருகிறது, பத்து நாளைக்குள் அதையும் முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் அம்மாவின் தட்டை இறக்கினேன். என் வாழ்க்கையில் ஒரு லென்ஸை அவ்வளவு பார்த்துப் பார்த்து வெட்டியதில்லை. துடைத்தேன், பெட்டியில் வைத்தேன், தட்டில் இருந்த சீட்டை நாலாக மடித்துப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். பதினான்கு வருடமாக எந்தக் கண்ணாடி முடிந்தாலும் தட்டில் இருக்கிற சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவேன். கை அதுபாட்டுக்குச் செய்யும். அன்றைக்கும் செய்துவிட்டது.

சாயங்காலம் அம்மாவிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு டீ போடப் போனேன். கூடத்திலிருந்து, எண் சொல்லி இணைப்புக் கொடுக்கிற அந்தப் பழைய குரல் கேட்டது.

"ஒண்ணு. எங்கே சந்தித்தோம். வலது கண், லிஃப்டில். இடது கண், லிஃப்டில்."

எனக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆனது. டீ பொங்கி வழிந்தது. வெளியே வந்தேன். அம்மா புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்து, சீட்டை ஜன்னல் பக்கம் பிடித்து, ஒவ்வொன்றாக வாசித்தாள். அரை வருடத்துக்கு மேல் எழுத்தே பார்க்காத கண் முதலில் படித்தது எங்கள் திருட்டுத்தனத்தை. முழுவதும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நம்பர் போட்டு மறைச்சு இப்பதான் பாக்கறேன்."

நான் கையும் களவுமாகப் பிடிபட்டதால் சண்டைக்குப் போனேன். எல்லாம் யாருக்காக என்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், நான் வெறும் பதினொரு பொய் சொல்லி ஒரு கண்ணைக் காப்பாற்றியிருக்கிறேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அம்மா என்னை முழுக்கப் பேசவிட்டாள். அப்புறம், இதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரியும் என்றாள்.

எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டால் உண்மையிலேயே மனசு கொடுத்தவன் முதலில் சிரிப்பான், தடுமாறுவான், அப்புறம்தான் பதில் வரும், இவர் ஒப்பித்தார். லட்சம் பேர் பேசிக் கேட்ட காது என்றாள். தெரிந்தே ஏன் ஆப்பரேஷனுக்கு ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன்.

"என் பொண்ணுக்காக இவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்ற ஆளு மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியானால் அடுத்த வாரம் இன்னொரு கண் என்று ஆரம்பித்தேன். அம்மா சீட்டை என் முன்னால் வைத்தாள். பதினொன்றாவது கேள்வியில் விரலை வைத்தாள். வலது கண்ணில் 'பொறுமைசாலி'. இடது கண்ணில் ஒன்றும் இல்லை. பேனாவை ஊன்றிய ஒரு புள்ளி மட்டும் இருந்தது. நான் அதை அன்றுதான் பார்த்தேன்.

"பத்துப் பொய் எழுதினவனுக்கு இதுக்கு மட்டும் ஏன் கை வரல? எனக்குத் தெரியணும். உனக்கும் தெரியாது. முதல் கண்ணுக்கு ஒரு பொய் கொடுத்தே, வாங்கிக்கிட்டேன். ரெண்டாவது கண்ணுக்கு எனக்கு மாப்பிள்ளை எல்லாம் வேணாம். உன் வாயால ஒரு உண்மை சொல்லு. இல்லன்னா ஒத்தக் கண்ணே எனக்குப் போதும்."

அம்மா பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை, அது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன பத்து நாளில் இரண்டு நாள் அப்போதே போயிருந்தது.

மறுநாள் காலையில் கடைக்குப் போனால் லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அவர் மேலே மொட்டை மாடியில், மோட்டார் அறையில் இருக்கிறார் என்றார்கள். ஏழு மாடியையும் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் அவரைத் திட்ட ஒரு புது வாக்கியம் யோசித்தேன். மேலே போய்ச் சேரும்போது மூச்சுதான் இருந்தது, வாக்கியம் ஒன்றும் இல்லை. அவர் கிரீஸ் கையோடு தரையில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாக ஒரு சின்ன ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். அம்மா படித்துவிட்டாள் என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. முதலில் கண் என்ன ஆனது, ஆப்பரேஷன் உண்டா இல்லையா என்றுதான் கேட்டார். அது உங்கள் கையிலும் என் கையிலும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பதினொன்றாவதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

அவர் ஸ்பிரிங்கைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். மோட்டார் அணைந்துகிடந்ததால் அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"மத்தது எல்லாம் பரீட்சை மாதிரி எழுதிட்டேன். இதுல பொய் எழுத வரல. உண்மையை எழுதினா நீங்க என்னைத் துரத்திடுவீங்கன்னு பயம்." துணியை மடித்து வைத்தார். "மூணு வருஷமா உங்க கடை வாசல்ல நின்னு வேலை பாக்கறேன். கண்ணாடி வாங்க வந்தவங்க பரவாயில்ல, தெரியுதுன்னு சொன்னா நீங்க விடறதே இல்ல. உக்கார வச்சு, மறுபடியும் தேய்ச்சு, சரியாத் தெரியற வரைக்கும் அனுப்ப மாட்டீங்க. என்னை எல்லாரும் பரவாயில்லன்னுதான் விட்டாங்க. உங்ககிட்ட வந்து உக்காரணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யாராக இருந்தாலும் நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான், இதை அன்றைக்கே எழுதித் தொலைத்திருந்தால் எனக்கு ஏழு மாடி ஏறுகிற வேலை மிச்சமாகியிருக்கும் என்றேன். அவர் சிரித்தார்.  கை கழுவிவிட்டு என்னோடு வாருங்கள் என்றேன். லிஃப்ட் என்னாவது என்றார். அது இத்தனை வருடம் நின்றது, இன்னும் ஒரு மணி நேரம் நிற்கட்டும் என்றேன்.

அம்மா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து மடித்து வைத்தாள். அவரை உட்காரச் சொன்னாள், என்னைச் சொல்லவில்லை. நான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் கூட நான் இப்படி நின்றதில்லை. எப்போதும் முந்திக்கொண்டு வரும் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா அவசரப்படுத்தவில்லை. ஒரு கண்ணில் மங்கலாகவும் ஒரு கண்ணில் தெளிவாகவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொறுமைசாலின்னு எழுதினது பொய்ம்மா," என்றேன். "இவர் அப்படியா, இல்லையான்னுகூட அப்ப எனக்குத் தெரியாது. தட்டைக் கிண்டறேன்னு சொன்னியே, அதுவும் நெசம்தான். எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கல. பிடிச்சிருக்கிற மாதிரி இத்தனை வருஷம் உன்கிட்ட நடிச்சிருக்கேன். இந்த ரெண்டு மாசமா சனிக்கிழமையே எனக்கு ஞாயித்துக்கிழமை நினைப்பு வந்துடுது. இவர் என்னைக் கட்டிக்குவாரான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கல. ஆனா எனக்கு ஆசையா இருக்கு."

சொல்லி முடித்தபோது முகம் நெருப்பாக எரிந்தது. அவர் பாதி எழுந்து, எனக்கும் அப்படித்தான் என்று ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"தம்பி, உங்களை இன்னும் யாரும் கேக்கல. உங்க முறை வரும்."

அவர் உட்கார்ந்தார். அம்மாவின் கண் கலங்கியது. ஆப்பரேஷன் செய்த கண்ணைக் கசக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கையை மடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நானும் துடைத்துவிடப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே எழுந்து, இந்தத் தடவை சுவரைத் தடவாமல் நடந்துபோய் ஃபோனை எடுத்து, டாக்டரின் ஆபீஸுக்கு எண்களை அழுத்தினாள். தன் பெயரைச் சொன்னாள். இன்னொரு கண்ணுக்கும் தேதி வேண்டும், இந்த வாரமே வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அம்மா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள்.

"கூட வர்றவங்களா?" என்றாள். "ரெண்டு பேர்."